மூச்சு வாங்குவோர் உடற்பயிற்சி செய்யலாமா?

உயிர்வாழ்வுச் சான்று அளிக்க நவம்பர் மாதத்தில் நம் கிளைகளுக்கு வரும் ஓய்வூதியர்களுள் சிலர், நான்கு படி ஏறியதும் கைப்பிடியைப் பற்றி நின்றுவிடுகின்றனர். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் உடற்பருமனும் ஒருங்கே உள்ளவர்களுக்கு இது அன்றாட அனுபவம். புகைபிடித்தவர்களுக்கு மட்டுமன்றி, விறகு, வறட்டிப் புகையில் பல்லாண்டுகள் சமைத்த பெண்களுக்கும் இந்நோய் வருகிறது.

நோயால் மூச்சுக்குழாய்கள் சுருங்குவதால் உள்ளிழுத்த காற்று முழுமையாக வெளியேறுவதில்லை. வயிற்றுக் கொழுப்போ உதரவிதானத்தை மேல்நோக்கி அழுத்துகிறது. மூச்சிரைப்புக்கு அஞ்சி உட்கார்ந்தே இருந்தால் கால் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசை சிறு வேலைக்கே களைத்து, இன்னும் அதிகக் காற்றைக் கேட்கிறது. உடற்பயிற்சி பழுதான நுரையீரலைச் சீராக்காது. ஆனால் வலுப்பெற்ற தசை அதே வேலையைக் குறைந்த மூச்சில் முடித்துவிடும். எடை குறையாவிடினும் இப்பயன் கிட்டும் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது.

முதலில் மருத்துவரிடம் இதயத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பின்னர் இரண்டு நிமிடம் நடந்து, ஒரு நிமிடம் நின்று, மீண்டும் நடக்கலாம். சில வாரங்களில் மொத்த நேரத்தை 20 முதல் 30 நிமிடம் வரை உயர்த்தலாம். மூச்சிரைப்பை 0 முதல் 10 வரை மதிப்பிட்டால், 3 அல்லது 4 என்ற அளவில் இருப்பது ஏற்றது. முழங்கால் வலி உள்ள பருமனானவர்களுக்கு நடையைவிட நிலையான மிதிவண்டி நன்று. உடலின் எடையை இருக்கை தாங்கிக்கொள்ளும். நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்வதும் எளிய தசைப்பயிற்சியே. எழும்போது, சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல் உதடுகளைக் குவித்து மெதுவாக மூச்சை விட வேண்டும்.

எடையைக் குறைக்கப் பட்டினி கிடப்பதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். கொழுப்போடு தசையும் கரைந்துவிடும். பருப்பு, தயிர், முட்டை ஆகியவற்றை உணவிலிருந்து நீக்க வேண்டா.

நெஞ்சுவலி, தலைச்சுற்றல், உதடு நீலமாதல் ஆகியவை தோன்றினாலோ, விரல் கருவியில் ஆக்சிஜன் அளவு 88 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினாலோ பயிற்சியை உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். தில்லி போன்ற நகரங்களில் குளிர்காலப் புகைமூட்டம் மிகுந்த நாள்களில் வீட்டினுள் பயில்வதே நலம்.

பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி நடைபெறுகிறது. பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்கள் நீளும் அப்பயிற்சியின் தொடக்கத்திலும் முடிவிலும், 6 நிமிடத்தில் நோயாளர் நடக்கும் தொலைவை அளந்து முன்னேற்றத்தைக் கணிக்கின்றனர்.