பழைய பிக்-அப் வண்டியின் வில்லும் புஷ்ஷும்: திருத்துவதா, மாற்றுவதா?

வாலாஜாபாத் வட்டாரத்திலுள்ள ஒரு சங்கத்திற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். அச்சங்கத்திற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய பிக்-அப் வண்டி ஒன்று உண்டு. அது விடியற்காலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு ஒரகடம், படப்பை, வண்டலூர் வழியாகக் கோயம்பேடு செல்லும். திரும்புகாலில் நெசவாளர்களுக்கு வேண்டிய நூல் மூட்டைகளைக் கொண்டுவரும். அவ்வண்டியின் பின்புற வில்லுக்காக ஓராண்டில் நான்கு செலவுச் சீட்டுகள் இருந்தன. நான்கும் சிறு தொகைகள். நான்கிலும் “பட்டை தட்டியது” என்ற ஒரே வாசகம். ஐந்தாவது சீட்டு, வண்டியைக் கட்டி இழுத்து வந்ததற்கானது. ஒரகடத்துக்கு அருகே மெயின் பிளேட் முறிந்து, ஆக்சில் இடம்பெயர்ந்து, டயர் தொட்டியின் அடிப்பாகத்தில் உராய்ந்து நின்றுவிட்டதாம். ஓட்டுநர் மெதுவாகச் சென்றபடியால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அன்றைய கீரையும் கத்தரிக்காயும் வெயிலில் வாடிப்போயின. அந்த நஷ்டம் எந்தச் சீட்டிலும் ஏறவில்லை. அதைச் சுமந்தவர்கள் அங்கத்தினர்களான குடியானவர்களே.

நிர்வாகக் குழுவில் இருவேறு அபிப்பிராயங்கள் நிலவின. பழைய வண்டிக்குப் புதுப் பாகம் போடுவது வீண் செலவு என்றனர் ஒரு சாரார். அடிப்பாகம் முழுவதையும் கழற்றிப் புதிதாகப் பூட்டிவிட வேண்டும் என்றனர் மறு சாரார். இரு சாராரும் வண்டியின் வயதைப் பார்த்தே பேசினர். பார்க்க வேண்டியது வயதையன்று; ஒவ்வொரு பாகமும் எவ்விதம் கெடுகிறது, கெட்டால் என்ன நேரும் என்பதையே.

முதலில் பட்டை வில்லை எடுத்துக்கொள்வோம். இது கரியும் சிலிக்கனும் சேர்ந்த எஃகினால் ஆனது. தொழிற்சாலையில் இதனைச் சுமார் 850 முதல் 900 டிகிரி வரை காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் 400 முதல் 500 டிகிரி அளவில் சூடேற்றிப் பதம் போடுகிறார்கள். பிறகு சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக வாரியிறைத்து மேற்பரப்பை இறுக்குகிறார்கள். விரிசல் எளிதில் தோன்றாமலிருக்க இது உதவுகிறது. கொழு முனைக்குக் கொல்லர் பதம் போடுவதை நம் விவசாயிகள் அறிவார்கள். பதம் தப்பினால் கொழு ஒன்று மழுங்கும் அல்லது ஒடியும். வில்லுக்கும் அதே கதிதான். சாலையோர உலையில் சிவக்கக் காய்ச்சி வளைவேற்றிக் காற்றில் ஆறவிட்ட பட்டை மென்மையாகிச் சில வாரங்களில் மீண்டும் தொய்கிறது. நீரில் தோய்த்து அப்படியே விட்ட பட்டையோ, கண்ணாடிபோல் முறிகிறது. மேலே கூறிய சங்கம் நான்கு முறை பணம் கொடுத்து வாங்கியது இதைத்தான்.

விரிசல் இல்லாத பட்டையை உலையில் இடாமல், குளிர்ந்த நிலையிலேயே தட்டி ஒரு முறை வளைவேற்றுவதில் தவறில்லை என்பது என் கருத்து. இரண்டாம் முறை தொய்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று கொள்ள வேண்டும். விரிசல் விட்ட பட்டைக்கு வெல்டிங் வைப்பது எக்காலத்தும் கூடாது. பாவில் ஓரிழை அறுந்தால் முடிச்சுப் போட்டு நெய்யலாம். நூலே இற்றுப்போயிருந்தால் முடிச்சு நிற்குமா? மாற்றும்போது இரு பக்கத்து வில்லையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தொய்ந்த பட்டைகளின் நடுவே ஒரே ஒரு புதுப் பட்டையைச் செருகினால், தன் பங்குக்கு மேற்பட்ட பளுவைத் தாங்கி அது முந்திக்கொண்டு முறியும்.

முறிந்த இடத்தைக் கவனிப்பது மிக முக்கியம். நடுத்துளையில், அதாவது சென்டர் போல்ட் செல்லுமிடத்தில் முறிந்திருந்தால், பெரும்பாலும் குற்றவாளி பளுவன்று; தளர்ந்துபோன யூ போல்ட். ஆக்சிலையும் வில்லையும் இறுகப் பிடித்து வைத்திருப்பது யூ போல்ட்டின் பிடிப்பே. அது தளர்ந்தால் துளையைச் சுற்றிப் பட்டை அசைந்து அசைந்து களைத்து விரிசல் விடும். சென்டர் போல்ட்டும் அறுபடும். நடுவைவிட்டுத் தள்ளி முறிந்திருந்தால் மிகை பளுவையோ உலோகத்தின் களைப்பையோ சந்தேகிக்கலாம். இதைப் பாராமல் பட்டையை மட்டும் மாற்றினால் புதுப் பட்டையும் அதே இடத்தில் முறியும். ஒரு முறை கழற்றிய யூ போல்ட் நீண்டிருக்கும். மீண்டும் அதையே பூட்டுவது சிக்கனமாகாது.

“இன்னொரு பட்டை சேர்த்துவிட்டால் போகிறது” என்று சிலர் யோசனை கூறுவதுண்டு. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறுகிறது. 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 8 மில்லிமீட்டர் பட்டை போட்டால் விறைப்பு இரு மடங்குக்கும் மேலாகிறது. வில் விறைப்பதால் ஆக்சிலோ, பிரேக்கோ, டயரோ வலுப்பெறுவதில்லை. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. வெறும் வண்டியாகத் திரும்பும் நாளில் அது துள்ளுவதும் ஓட்டுநரின் முதுகுதான் அறியும்.

இனி, திருத்தத் தக்கவை. வில்லின் கண்ணிலும் ஷாக்கிளிலும் உள்ள புஷ்கள் தேய்வதற்கென்றே அமைந்தவை. பழையதை அழுத்தியெடுத்துப் புதியதைச் செருகினால் போதும். வில்லை மாற்ற வேண்டியதில்லை. புஷ்ஷின் விலை அற்பம். அதைத் தள்ளிப்போட்டால் பின்னும் ஆணியும் வில்லின் கண்ணைத் தின்றுவிடும். பிறகு மெயின் பிளேட்டே போய்விடும். ரப்பர் புஷ் போட்டபின், வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கிச் சக்கரம் தரையில் நிற்கும்போதே நட்டை முடிவாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும். நல்ல பட்டறைகளிலும் இதை மறந்துவிடுகிறார்கள். கிங்பின் உள்ள வண்டியில் பின்னையும் புஷ்ஷையும் மாற்றி, ரீமர் கொண்டு அளவுக்குக் கடைந்தால் முன் ஆக்சில் பல்லாண்டு உழைக்கும்.

பால் ஜாயின்ட் முற்றிலும் வேறு. அது கழன்றால் சக்கரம் சாய்ந்துவிடும், ஸ்டியரிங் கைவிட்டுவிடும். ஆட்டம் கண்ட பால் ஜாயின்ட்டை உள்ளே தகடு வைத்து இறுக்கித் தருவோர் உளர். அதற்குச் சங்கம் பணம் கொடுக்கலாகாது. ஷாக் அப்சார்பரும் திறந்து பழுதுபார்க்க ஏற்றதன்று. எண்ணெய் கசிந்திருந்தால் அதே ஆக்சிலின் இரண்டையும் மாற்றுக. மேடுபள்ளச் சாலையில் ஓடி வந்தவுடன் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷாக் வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்ந்து கிடப்பது வேலை செய்யவில்லை.

சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றிய பாகங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. கதவும் பம்பரும் அங்கே வாங்கலாம். வில்லும் பால் ஜாயின்ட்டும் எவ்வளவு களைத்திருக்கின்றன என்பதைக் கண்ணால் அறிய இயலாது. ஆகவே அவற்றை அங்கே வாங்கக் கூடாது. புதுப் பாகங்களுக்குப் பழைய மதிப்பீட்டை வைத்துக்கொண்டு அஞ்சவும் வேண்டாம். பெரும்பாலான மோட்டார் பாகங்கள் மீது 28 விழுக்காடாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாயிற்று.

கணக்குப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சிறு செலவைச் செயலாளரே அனுமதிக்கலாம். பெரிய செலவுக்குக் குழுவின் தீர்மானம் வேண்டும். எனவே தீர்மானத்துக்குக் காத்திராமல் வண்டியை ஓட்ட, சிறு பழுதே கைக்கு எட்டுவதாகத் தோன்றுகிறது. அச்செயலாளரை நான் குறை கூறவில்லை. விடிந்தால் அங்கத்தினர்களின் சரக்கு நிற்கும். ஆனால் ஒரே பாகத்துக்கு ஆண்டுக்குள் இரண்டாம் சீட்டு வந்தால், மூன்றாவதற்குக் காத்திராமல் அதனைக் குழுவின் முன் வைக்குமாறு அச்சங்கத்திற்கு எழுதியிருக்கிறேன். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டியிருப்பதால், அதற்கு முந்தைய மாதக் கூட்டமே இதற்குத் தக்க சமயம்.

அச்சங்கம் இரு வில்களையும், யூ போல்ட்டுகளையும், புஷ்களையும் புதிதாகப் போட்டது. கிங்பின்னைத் திருத்திக்கொண்டது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டுகளைப் பளுவுடன் மறுபடி இறுக்க வேண்டும் என்பதை ஓட்டுநர் தம் குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.