பாறசாலை எல்லையில் மஞ்சள் பெட்டிகள்: பழைய டெலிபோன் பூத்துகளை மீட்டெடுத்தல்

சங்க மலருக்குக் கட்டுரை தருகிறேன் என்றதும், "இந்தத் தடவையும் கல்வெட்டுதானே?" என்று நண்பர் ஒருவர் சிரித்தார். கல்வெட்டு அல்ல. ஆனால் எழுத்துச் சான்று என்ற வகையில் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறை ஆகும். தெருவோரத்து டெலிபோன் பூத்தைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் பாறசாலைக்கு அலுமினியப் பாத்திர வியாபாரத்துக்கு வந்தவன் நான். அப்போது ஊருக்குப் பேச வேண்டுமென்றால் தபால் ஆபீசில் டிரங்க் கால் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம். மூன்று நிமிடம் ஒரு கணக்கு. காலையில் பதிந்து மாலையில் கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காமலே கடைக்குத் திரும்பிய நாளும் உண்டு. எஸ்.டி.டி. வந்த பிறகுதான் 04183 என்று சுழற்றினால் வந்தவாசிக் கடையில் தம்பி குரல் கேட்டது. இரவு பதினொரு மணிக்கு மேல் கால் பங்குக் கட்டணம் என்பதால் அந்த நேரத்தில் பூத் வாசலில் வரிசை நிற்கும். வெளிமாநிலத்தில் குடியேறிய நம்மில் அந்த வரிசையில் நிற்காத குடும்பம் குறைவு.

பூத் வந்த வரலாறு

நேரடியாக வெளியூர் எண்ணைச் சுழற்றும் எஸ்.டி.டி. வசதி இந்தியாவில் 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையேதான் முதலில் வந்தது. ஆனால் சிற்றூர்களை அது எட்டப் பல ஆண்டுகள் ஆயின. 1984 ஆகஸ்டில் சி-டாட் என்னும் தொலைத்தொடர்பு ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. சாம் பிட்ரோடா அதன் முன்னணியில் இருந்தவர். குளிர்சாதனம் இல்லாமலே இயங்கும் 128 இணைப்புகள் கொண்ட கிராம எக்ஸ்சேஞ்சை அவர்கள் வடிவமைத்தனர். 1986-இல் கர்நாடகத்துக் கிட்டூரில் அது முதலில் நிறுவப்பட்டது.

இதையொட்டிப் பரவியதுதான் மஞ்சள் போர்டு போட்ட பி.சி.ஓ. மேல்நாட்டில் காசு போடும் பெட்டி மட்டும் தெருவில் நிற்கும், ஆள் இருக்க மாட்டார். 1889-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வில்லியம் கிரே வைத்த முதல் காசுப் பெட்டியிலிருந்தே அவர்கள் வழக்கம் அது. நம் பூத்தில் ஆள் உட்கார்ந்திருப்பார். உடல் ஊனமுற்றோர், முன்னாள் படைவீரர், போரில் கணவரை இழந்த பெண்கள் முதலியோருக்கு ஒதுக்கீட்டில் முன்னுரிமை இருந்தது. பேசும் பணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குக் கமிஷன். ஆகவே பூத் என்பது ஒரு குடும்பத்தின் அடுப்பு. இதை மறந்துவிட்டு அதை வெறும் பெட்டியாகப் பார்த்தால் மீட்பு வேலை தப்பாகவே போகும். நான் தப்பு செய்தவன், அதைப் பிறகு சொல்கிறேன்.

எல்லையில் மட்டும் உள்ள விசேஷம்

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு விழுந்ததே தவிர ஊர்ப் பெயர்கள் பிரியவில்லை. அந்தப் பக்கம் களியக்காவிளை, இந்தப் பக்கம் இஞ்சிவிளை, அமரவிளை. 'விளை' என்றால் தென்னையும் மரவள்ளியும் வைக்கும் மேட்டு நிலம். சம்பந்தமும் அப்படித்தான். அக்காளைக் கொடுத்தது அங்கே, தங்கை இருப்பது இங்கே.

டெலிபோன் வந்தபோது இந்தக் கோடு கம்பியிலும் விழுந்தது. பாறசாலை திருவனந்தபுரத்தோடு சேர்ந்து 0471. களியக்காவிளை குழித்துறையோடு சேர்ந்து 04651. நடந்தே போய்விடும் தூரத்திலுள்ள தங்கைக்கு வெளியூர்க் கோடு போட்டுத்தான் பேச வேண்டும். பூத்துக்காரர்களுக்கு இரண்டு பக்கத்து வாடிக்கையும் இருந்ததால், நான் பார்த்த சில பூத்துகளில் போர்டு மூன்று எழுத்தில் இருந்தது. மேலே மலையாளம், நடுவில் ஆங்கிலம், கீழே தமிழ். யாரும் உத்தரவு போட்டு எழுதியதல்ல. பேச வருகிறவர் படிக்க வேண்டுமே என்று பெயிண்டர் கையால் எழுதியது.

எப்படிப் போயிற்று?

2003 மே முதல் கைபேசிக்கு வரும் அழைப்பு இலவசமானது. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். இந்தியா முழுமைக்கும் நிமிடம் ஒரு ரூபாய் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. கோட்டின் இரு பக்கமும் ஒரே விலை என்றான பிறகு பூத்தின் தேவை குறைந்தது. சிலது ஜெராக்ஸ் கடை ஆயிற்று, சிலது ரீசார்ஜ் கடை, சிலதில் கேரள லாட்டரிச் சீட்டு தொங்கியது. மிச்சம் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்கு வந்தது. பாத்திர வியாபாரத்தோடு ஆக்கரும் எடுத்து வந்த என்னிடமும் வந்தது.

முதல் பூத்தை எடுத்த அன்று அலுமினியச் சட்டத்தை அறுத்து எடை போட்டேன். கண்ணாடியைத் தனியாக வைத்தேன். தகரப் போர்டை மடக்கி இரும்புக் குவியலில் எறிந்தேன். மூன்றாம் நாள் பூத் நடத்திய அக்கா வந்தார். ஒரு கால் நடக்க வராதவர், ஆட்டோ பிடித்து வந்திருந்தார்.

"அண்ணாச்சி, பெட்டி போனா போகட்டும். அந்த போர்டை மட்டும் தாருங்கோ. எங்க அப்பா பேரு தமிழ்ல எழுதினது அது ஒண்ணுதான் இருந்துச்சு."

லாரி முந்தின நாளே போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். கல்வெட்டு தேடி மலை மலையாக ஏறினவன், கைக்கு வந்த எழுத்தைக் கிலோ கணக்கில் விற்றுவிட்டேன். அதற்குப் பிறகுதான் வந்த பூத்துகளை உடைக்காமல் வைக்கத் தொடங்கினேன்.

மீட்கும் முறை

என் அனுபவத்தில் கண்டவற்றை வரிசையாகத் தருகிறேன்.

முதலில் உரிமை. கூண்டு நடத்தினவருக்குச் சொந்தம். லைனும் இலாகா கொடுத்த கருவியும் இலாகாவுக்குச் சொந்தம். லைனை முறைப்படி ஒப்படைத்த சீட்டைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். லைனில் உயிர் இருந்தால் மணி அடிக்கும் நேரத்தில் 75 வோல்ட் அளவுக்கு மின்சாரம் வரும். ஈரக் கையோடு தொட்டால் நன்றாகவே உதறும்.

இரண்டாவது படம். கழற்றுவதற்கு முன் நான்கு பக்கமும், போர்டும், உள்ளே பென்சிலில் கிறுக்கிய எண்களும் தெரியப் படம் எடுங்கள். எந்த ஊர், எந்த வருஷம் வரை ஓடியது, யார் நடத்தினார் என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். சான்றில் பாதி அதுதான்.

மூன்றாவது கூண்டு. அலுமினியம் துருப்பிடிக்காது என்று நினைப்போம். ஆனால் அதில் இரும்புத் திருகாணி போட்டு மழையில் நிறுத்தினால் இரண்டும் சேருமிடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கடற்காற்று இதை விரைவாக்கும். இறுகின திருகாணிக்கு மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு ஊற வையுங்கள். தட்டி எடுத்தால் சட்டம் கிழியும். திரும்பப் பூட்டும்போது ஸ்டெயின்லெஸ் திருகாணியும், அடியில் பிளாஸ்டிக் வாஷரும் போட வேண்டும். கண்ணாடியில் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டிய பிறகே அசைக்க வேண்டும். அடிப்பலகையில் கரையான் இருக்கும். ரிசீவர் தொங்கும் கொக்கியில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். நான் சமணன், கூட்டை உடைக்க மாட்டேன். ஒரு பூத் குளவிக்காக மூன்று வாரம் காத்திருந்தது, நஷ்டம் ஒன்றும் இல்லை.

நான்காவது கருவி. சிவப்பு எண்கள் ஓடும் மானிட்டர் நினைவிருக்கும். எதிர்முனையில் எடுத்ததும் எக்ஸ்சேஞ்ச் லைனின் மின்துருவத்தை மாற்றும். அதைக் கண்டுகொண்டு மானிட்டர் கணக்கைத் தொடங்கும். சிவப்புக் காசுப் பெட்டிக்கும் அதே சூட்சுமம்தான். அங்கே 'ஹலோ' கேட்ட பிறகே ஒரு ரூபாயைப் போடுவோம். இவற்றின் உள்ளே பழைய பேட்டரி கசிந்திருந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். தாமிரம் எடுக்கிறேன் என்று வயரைக் கொளுத்துவது கூடவே கூடாது, பி.வி.சி. புகை விஷம். உதவாத மின் உறுப்புகளை மின்கழிவு எடுக்கப் பதிவு பெற்றவரிடமே தர வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளும் இதையே சொல்கின்றன.

ஐந்தாவதும் முக்கியமானதும் போர்டு. சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். உப்புத்தாள் போடாதீர்கள், தின்னர் தொடாதீர்கள். எழுத்து மங்கலாக இருந்தால் மங்கலாகவே இருக்கட்டும். மேலே புதிதாக எழுதினால் அது உங்கள் எழுத்து, அந்தப் பெயிண்டர் எழுத்தல்ல. பின்பக்கத் துருவை மட்டும் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசலாம்.

பிற நாட்டார் செய்தது

இங்கிலாந்தில் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த சிவப்புப் பெட்டிகள் பயனற்றுப் போனபோது, 2008 முதல் ஒரு பவுண்டுக்கு ஊராரே தத்தெடுக்கும் திட்டம் வந்தது. சிலது சிறு நூலகம் ஆயிற்று, சிலதில் மாரடைப்புக்கு முதலுதவி செய்யும் கருவி வைத்தார்கள். நியூயார்க் நகராட்சி தன் கடைசிக் காசு டெலிபோனை 2022 மே மாதம் கழற்றியபோது அது நகர அருங்காட்சியகத்துக்குப் போனது. அவர்களுக்குப் பெட்டியின் வடிவம் பெரிது. நம்முடையது வெறும் அலுமினியக் கூண்டு, வடிவத்தில் அழகு ஒன்றும் கிடையாது. நமக்கு அதன் மேல் இருந்த எழுத்தும் உள்ளே இருந்த ஆளுமே பெரிது.

எதற்கு இந்தப் பாடு?

மாநிலங்கள் பிரிந்த அதே 1956-இல்தான் அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்வி கிடைக்க வழி செய்ய வேண்டும் என்பது அது. ஆனால் கேட்டால்தானே கிடைக்கும்? "இங்கே தமிழர் எங்கே இருக்கிறார்கள்?" என்று யாரேனும் கேட்டால் காட்ட ஒன்று வேண்டாமா? பேசுகிறவர் இருக்கிறார்கள், படிக்கிற பிள்ளைகள் குறைகிறார்கள், தெருவில் எழுத்து அதைவிடக் குறைகிறது. ஓர் ஊரில் தமிழ் படித்தவர் வாடிக்கையாக வந்தார் என்பதற்கு அந்த மஞ்சள் போர்டு சாட்சி சொல்லும். வியாபாரி வீணாகப் பெயிண்ட் செலவு செய்ய மாட்டான், இது என் சொந்த ஜாதிச் சான்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கிடங்கில் முழுக் கூண்டு இரண்டு உள்ளன. ஒன்றில் பலகை அடித்துப் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகம் வைத்திருக்கிறேன். கதவைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம், கையெழுத்துக் கிடையாது. தமிழ் போர்டு மூன்று கிடைத்தன. அந்த அக்காவின் போர்டு அதில் இல்லை.

ஆகவே சங்கக் குடும்பங்களிடம் ஒரே விண்ணப்பம். நீங்கள் பம்பாயில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும், உங்கள் தெருவில் தமிழ் எழுத்துள்ள பழைய பூத் போர்டு ஒன்று நிற்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை நடந்து போய்ப் பாருங்கள். படம் எடுங்கள். நடத்தியவரிடம் பேச்சுக் கொடுங்கள். ஆக்கர்க்காரன் வருவதற்கு முன்னால் போய்விடுங்கள். நாங்கள் சீக்கிரம் வருகிறவர்கள்.