எங்கள் வீட்டுப் புளிப்புச் செர்ரி

கல்யாணமாகி அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக்கு வந்த புதிதில், "கொல்லையில இடம் இருக்கில்ல? ஒரு முருங்கையாவது வைடி" என்று அம்மா மதுரையிலிருந்து போனில் நச்சரிப்பாள். முருங்கையாவது ஒன்றாவது! மாதக் கணக்கில் பனி மூடிக் கிடக்கிற ஊர். கறிவேப்பிலையே வீட்டுக்குள் தொட்டியில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "அப்ப அந்த ஊர்ல என்னதான் வரும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 2008-ல் ஒரு புளிப்புச் செர்ரிக் கன்றை வாங்கி நட்டேன்.

அமெரிக்காவில் புளிப்புச் செர்ரி அதிகம் விளைவது இந்த மாநிலத்தில்தான். கருஞ்சிவப்பாய், கெட்டியாய் இருக்கும் இனிப்புச் செர்ரி வேறு. இது பளிச்சென்ற சிவப்பு. வாயில் போட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும். நான் வைத்தது மான்ட்மோரன்சி என்ற ரகம். இனிப்புச் செர்ரிக்குப் பெரும்பாலும் பக்கத்தில் துணை மரம் வேண்டும். இது ஒற்றையாய் நின்றே காய்க்கும். நல்ல வெயில் வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. மற்றபடி அடம் பிடிக்காத மரம்.

ஆனால் 2010-ல் எனக்கு ஒரு பாடம். இலையில் சின்னச் சின்னதாய் ஊதாப் புள்ளிகள் வந்தன. மழைக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆகஸ்டு முடிவதற்குள் இலை மஞ்சளாகிக் கொட்டி, மரம் மொட்டையாகிவிட்டது. இது பூஞ்சைக் காளானால் வரும் இலைப்புள்ளி நோய். இலை இல்லாவிட்டால் மரம் குளிர்காலத்துக்கு வேண்டிய சத்தைச் சேர்த்து வைக்க முடியாது, பட்டுப்போகக்கூடத் துணியும். எப்படியோ தப்பி, 2011-ல் ஒரே ஒரு கிண்ணம் பழம் கொடுத்தது.

மறு வருஷம் எனக்கு இரண்டாவது பிரசவம். அம்மா ஜூன் மாதம் வருவதாக ஏற்பாடு. பழம் பழுப்பது ஜூலையில். "நீ வந்து உன் கையால பறிக்கலாம்மா" என்று சொல்லிச் சொல்லி ஆசை காட்டி வைத்தேன்.

கேளுங்கள் கூத்தை! இந்த மரம் குளிர்காலத்தில் தூங்கும். ஏழு டிகிரிக்குக் கீழே சுமார் ஆயிரம் மணி நேரம் குளிர் பட்டால்தான் மொட்டு விழித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வெயில் வந்தால் போதும், பூக்கக் கிளம்பிவிடும். 2012 மார்ச்சில் என்றும் இல்லாதபடி 25 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தது. நாங்களும் கம்பளியைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சந்தோஷப்பட்டோம். மரமும் ஏமாந்து மொட்டை விரித்தது. ஏப்ரலில் உறைபனி திரும்பி வந்தது, அதுவும் ஓரிரு ராத்திரி இல்லை. பழைய போர்வைகளைக் கொண்டுபோய்ப் போர்த்திப் பார்த்தேன். காலையில் பூவைக் கிள்ளிப் பார்த்தால் நடுவில் கறுத்திருந்தது. எங்கள் மரம் மட்டுமில்லை, அந்த வருஷம் மாநிலத்தின் புளிப்புச் செர்ரி விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டது.

அம்மா வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு பழம் இல்லை. "சரி விடு, பிள்ளைதான் பெருசு" என்று உள்ளே போய்விட்டாள். நான்தான் அழுதேன். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு எதற்கெடுத்தாலும் அழுகை வரும் என்று உங்களுக்குத் தெரியாதா?

இலையுதிர் காலத்தில், குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, மரத்தடி இலையை ஒன்று விடாமல் பெருக்கி அள்ளினாள். "நோய்பட்ட இலையைக் காலடியிலயே போட்டு வைப்பாங்களா?" என்றாள். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அந்தக் காளான் குளிர்காலத்தைக் கழிப்பது விழுந்த இலையில்தான்! நவம்பரில் பழத்தைக் கண்ணால் பார்க்காமலே ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

2013-ல் கிளை தாங்காமல் காய்த்தது. பறவைகள் முந்திக்கொள்ளும், வலை போட வேண்டும். பறித்த பிறகு இந்தப் பழம் பழுக்காது. மரத்திலேயே நன்றாகச் சிவக்க விட வேண்டும். பறித்தால் இரண்டு மூன்று நாள்கூடத் தாங்காது. கொட்டை எடுக்கக் கொண்டை ஊசியைவிட நல்ல கருவி இல்லை. வளைந்த பக்கத்தைக் காம்பு இருந்த இடத்தில் விட்டு ஒரு சுண்டு சுண்டினால் வந்துவிடும்.

சோம்பேறித்தனமாகக் கொட்டையோடு மிக்சியில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் பருப்பு அரைபட்டால் சயனைடு விஷம் உண்டாகும். முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். ஆனாலும் சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கும். கொட்டை எடுக்காமல் கையில் தரவே கூடாது.

இரண்டு டம்ளர் பழத்தைக் கால் டம்ளர் நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து வதக்கி, மிளகாய்ப் பொடி, உப்பு, கொஞ்சம் வெந்தயப் பொடி போட்டுச் சுருள இறக்கினால் தொக்கு. புளியே வேண்டாம். தயிர் சாதத்துக்கு என் வீட்டுக்காரர் வேறெதையும் தொடமாட்டார்.

மீதிப் பழத்தை உலர்த்தி, 2014-ல் ஊருக்குப் போனபோது எடுத்துப் போனேன். அம்மா ஒன்றை வாயில் போட்டு மென்றாள். "அட, நம்ம களாக்காய் மாதிரியில்ல இருக்கு!" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால், நம் ஊர் பேக்கரிகளில் கேக் மேலே 'செர்ரி' என்று வைப்பது பெரும்பாலும் களாக்காய்தான்! விதையை எடுத்து, சாயமேற்றி, சர்க்கரைப் பாகில் ஊறப் போட்டது.

ஆகவே, செர்ரிக் கன்று எங்கே கிடைக்கும் என்று யாரும் அலைய வேண்டாம். அந்த ஆயிரம் மணி நேரக் குளிருக்கு மதுரையிலும் சென்னையிலும் எங்கே போவது? புளிப்புக்கு ஆசைப்பட்டால் ஒரு களாச் செடி வையுங்கள். வறண்ட நிலத்திலும் வரும். முள் இருப்பதால் வேலிக்கும் ஆகும். குழந்தைகள் ஓடியாடுகிற பக்கம் மட்டும் வேண்டாம்.

அம்மா அந்த வருஷமே கொல்லை வேலியோரம் ஒன்று வைத்துவிட்டாள். போன தடவை நான் கிளம்பும்போது களாக்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கட்டிக் கொடுத்தாள். "உன் செர்ரிக்குப் பதில்" என்றாள்.