மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை!

திருவனந்தபுரத்தில் குடியேறிய நம்மவர் பலரும், அருவிக்கரையிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தாலும் வீட்டுக் கிணற்றைக் கைவிடுவதில்லை. குழாய் வறண்ட நாளில் கிணறுதானே துணை!

ஒரு ஏப்ரல் மாதம். மறுநாள் அப்பாவின் திதி. எங்கள் மோட்டார் ஓடியது. தொட்டியில் ஒரு சொட்டும் விழவில்லை. பார்க்க வந்தவர், "மோட்டார் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருக்கிறது. அது தண்ணீரை மேலே விடும், கீழே இறங்க விடாது. குழாய் நிறைய தண்ணீர் இருந்தால்தான் பம்பு இழுக்கும்.

மெயினை அணைத்துவிட்டு, பம்பின் மேல்மூடியைத் திறந்து தண்ணீர் நிரப்பினேன். பத்து நிமிடத்தில் மட்டம் இறங்கிவிட்டது. குழாய் இணைப்புகளில் கசிவில்லை. அப்படியானால் குற்றம் வால்வில்தான். ஆள் வைத்துக் குழாயைத் தூக்கினோம். வால்வின் வாயில் தென்னை நார், வாஷரும் தேய்ந்திருந்தது. புது வால்வு மாட்டியதும் தண்ணீர் கொட்டியது. திதியும் குறைவின்றி நடந்தது.

மட்டம் இறங்காமலும் தண்ணீர் வராவிட்டால்? வால்வின் சல்லடை அடைத்திருக்கலாம். கோடையில் கிணற்று நீர் வால்வுக்கும் கீழே போயிருக்கலாம். மேலே வைத்த சாதாரண பம்பு ஏறத்தாழ 7 மீட்டருக்குக் கீழிருந்து இழுப்பது கடினம். மோட்டார் சுற்றாமல் உறுமினால் உடனே அணைத்து எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். பெரும்பாலும் கெபாசிட்டர் கோளாறாக இருக்கும்.

தண்ணீரின்றி மோட்டாரை ஓடவிடாதீர்கள்; சீல் கருகிவிடும். கிணற்றில் தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். புது மோட்டார் வாங்குமுன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்!