கேஸ் இருந்தும் விறகு அடுப்பு: அம்மாவுக்கு எதை வாங்கித் தருவது, எங்கே வைப்பது?

மார்கழி விடியற்காலையில் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் எந்தக் கிராமத்துத் தெருவில் நடந்தாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வீட்டுக்குப் பின்னால் மூன்று கல், அதன்மேல் கரிபிடித்த வெந்நீர்ப் பானை, பக்கத்தில் ஊதுகுழலோடு கண்ணைக் கசக்கியபடி ஒரு அம்மா. வீட்டுக்குள் கேஸ் ஸ்டவ் துடைத்துவைத்தபடி பளபளவென்று இருக்கும்.

"கேஸ்தான் இருக்குல்லம்மா, அப்புறம் எதுக்கு இந்தப் புகையில கெடக்குற?" என்று லீவுக்கு வந்த பிள்ளை கேட்கும். "வெந்நி வைக்கவெல்லாம் யாருப்பா கேஸைச் செலவழிப்பா?" என்று பதில் வரும். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அடுத்த பொங்கலுக்கு வரும்போதும் அதே மூன்று கல், அதே இருமல்.

அந்த அம்மா சொல்வதில் கணக்கு இருக்கிறது. பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் செய்யக்கூடியது என்ன?

இன்னும் எத்தனை வீட்டில் விறகு எரிகிறது?

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கேஸ் போன்ற தூய எரிபொருளில் சமைக்கும் வீடுகள் 82.9 சதவீதம். இந்திய அளவில் இது 58.6 சதவீதம்தான். 2007-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச கேஸ் அடுப்புத் திட்டமும், 2016-ல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும் இதில் பெரிய பங்கு வகித்தன.

ஆனால் இந்த எண்ணிக்கை சமையலைப் பற்றியது மட்டுமே. குளிக்க வெந்நீர், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைப்பது, நெல் அவிப்பது, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு, திருவிழாவுக்குப் பெரிய பானைச் சோறு என்று வரும்போது கேஸ் வைத்திருக்கும் வீட்டிலும் விறகுதான். காபி கேஸில், வெந்நீர் விறகில். பல வீடுகளில் இரண்டும் சேர்ந்தேதான் ஓடுகின்றன.

அம்மாவின் கணக்கு

2025 ஏப்ரலில் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868 ரூபாய் 50 காசுக்கு வந்தது. ஒரு கிலோ எல்பிஜியில் சுமார் 11,000 கிலோகலோரி வெப்பம் உண்டு. ஸ்டவ்வில் விரயமாவது போக, ஒரு சிலிண்டரில் இருந்து பாத்திரத்துக்குள் போய்ச் சேர்வது தோராயமாக 1 லட்சம் கிலோகலோரி.

நன்றாகக் காய்ந்த விறகில் கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோகலோரி இருக்கிறது. பிரச்சினை அடுப்பில்தான். மூன்று கல் அடுப்பில் பாத்திரத்துக்குப் போவது அதில் 10 முதல் 15 சதவீதம். மிச்சமெல்லாம் காற்றுக்கும் கல்லுக்கும் புகைக்கும் போய்விடுகிறது. அதாவது ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு 170 முதல் 250 கிலோ விறகு வேண்டும். இதையே 25 சதவீதம் திறன் உள்ள அடுப்பில் எரித்தால் 100 கிலோ போதும்.

காட்டோரம் வெட்டிய சீமைக்கருவேல முள்ளும், வயலில் பிடுங்கிய பருத்திமாரும், தோப்பில் விழுந்த தென்னமட்டையும் காசில்லாமல் கிடைக்கிறவரை விறகுதான் லாபம். விறகைக் காசு கொடுத்து வாங்குகிற டவுன் வீட்டில், மூன்று கல் அடுப்பு கிட்டத்தட்ட நஷ்டக் கணக்கு. கிலோ என்ன விலை என்று கேட்டு 200-ஆல் பெருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புகை எங்கிருந்து வருகிறது?

புகை என்பது எரியாமல் தப்பித்த விறகு. சூடு பட்டதும் விறகில் இருந்து முதலில் வாயுக்கள் கிளம்புகின்றன. போதுமான சூடும் காற்றும் கிடைத்தால் அவை தீயாக எரிந்துவிடும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கரித்துகளாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் வெளியே வருகின்றன. ஈர விறகு ஏன் இப்படிப் புகைகிறது என்றால், அதன் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடுகிறது. பச்சையாக வெட்டிய மரத்தின் எடையில் பாதிகூட தண்ணீராக இருக்கலாம்.

வீட்டுக்குள் சேரும் இந்தப் புகையால் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, இதய நோய், பக்கவாதம், குழந்தைகளுக்கு நிமோனியா என்று பட்டியல் நீளம். பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காத ஒரு பாட்டிக்கு 'புகைபிடிப்பவர்களுக்கு வரும்' நுரையீரல் நோய் எப்படி வந்தது என்று குடும்பமே குழம்பும். நாற்பது வருஷம் அடுப்படியில் இருந்ததை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டில் நடந்த ஒரு முக்கியமான ஆய்வு உண்டு. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து நடந்த 'ஹேப்பின்' ஆய்வின் இந்தியப் பகுதி கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் பகுதிகளில், சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் பங்கேற்போடு நடந்தது. பாதிப் பேருக்கு 18 மாதம் இலவசமாக கேஸும் அடுப்பும் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த பிஎம் 2.5 நுண்துகளின் அளவு கனமீட்டருக்கு 24 மைக்ரோகிராம். விறகிலேயே தொடர்ந்தவர்களுக்கு 71. ஆனால் 2022-ல் முடிவு வந்தபோது, குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கேஸுக்கு மாறினால் காற்று சுத்தமாகும், அது உறுதி. உடம்பு உடனே எல்லாவற்றிலும் சரியாகிவிடும் என்று சொல்வதுதான் அவசரம்.

எந்த அடுப்பை வாங்குவது?

முதலில் ஒரு விஷயம். தினசரிச் சமையல், அதுவும் வீட்டுக்குள்ளே என்றால் கேஸ் அல்லது இண்டக்‌ஷன்தான் சரி. எவ்வளவு நல்ல விறகு அடுப்பும் அதற்குச் சமமாகாது. உஜ்வலா இணைப்பு இருந்தால் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் வருகிறது; அம்மாவின் வங்கிக் கணக்கில் அது உண்மையிலேயே ஏறுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். விறகு அடுப்பு என்பது வெந்நீருக்கும் பெரிய பானைக்கும் மட்டும்.

கடையில் கிடைக்கும் 'புகையில்லா அடுப்பு'களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உள்ளே 'எல்' வடிவில் எரியறை இருக்கும் ராக்கெட் அடுப்பு. கீழே பக்கவாட்டில் விறகைச் செருகினால், தீ செங்குத்தான குழாயில் மேலே இழுக்கும். 1980-களில் அமெரிக்காவின் அப்ரோவெக்கோ மையத்தில் லாரி வினியார்ஸ்கி இந்த வடிவத்தை உருவாக்கினார். மின்சாரம் வேண்டாம், கெட்டுப்போகப் பெரிதாக எதுவும் இல்லை. இன்னொன்று, சின்ன ஃபேன் வைத்துக் காற்றை ஊதும் வகை. புகை இன்னும் குறையும். ஆனால் விறகைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போட வேண்டும். ஃபேனுக்கோ பேட்டரிக்கோ ஏதாவது ஆனால் ரிப்பேர் செய்ய மதுரை டவுன்ஹால் ரோடு வரை தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

அடுப்பைத் தூக்கிப் பார்த்து வாங்குவதைவிட ஐஎஸ் 13152 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேன் இல்லாத அடுப்புக்கு இந்தத் தரம் கேட்பது குறைந்தது 25 சதவீத வெப்பத்திறன். ஃபேன் உள்ளதற்கு 35. நுண்துகள் வரம்பு ஒவ்வொரு மெகாஜூல் பயனுள்ள வெப்பத்துக்கும் முதல் வகையில் 350 மில்லிகிராம், இரண்டாவதில் 150. கடைக்காரர் "புகையே வராது சார்" என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் புகை குறைந்தாலும் நுண்துகள் இருக்கும்.

வீட்டில் இருக்கிற பெரிய பானையைக் கையோடு கொண்டுபோவது நல்லது. சின்ன ராக்கெட் அடுப்பில் இருபது லிட்டர் வெந்நீர்ப் பானை ஆடும்; கொதிநீர் கவிழ்ந்தால் புகையைவிடப் பெரிய ஆபத்து. எரிபொருளையும் யோசிக்க வேண்டும். 2000-களின் பிற்பாதியில் இந்திய அறிவியல் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் வந்த 'ஊர்ஜா' அடுப்பு, தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களில் லட்சக்கணக்கில் விற்றது. அது விவசாயக் கழிவில் செய்த பெல்லட்டில்தான் எரியும். பெல்லட் விலை ஏறியதும் அடுப்புகள் பரணுக்குப் போயின. தோட்டத்தில் கிடைக்கிற மட்டையையும் மாரையும் ஏற்றுக்கொள்ளாத அடுப்பு கிராமத்தில் நிலைக்காது.

மண் அடுப்பே போதுமா?

போதும், புகைபோக்கி இருந்தால். நம்மூர் கொடியடுப்பே பாதி தீர்வுதான். பெரிய வாயில் எரியும் தீயின் மிச்சச் சூடு பக்கத்து வாய்க்குப் போய் குழம்பையோ வெந்நீரையோ சூடாக வைத்திருக்கும். அந்த இரண்டாவது வாய்க்குப் பின்னால் ஒரு குழாயைச் சேர்த்ததுதான் அரசு பரப்பிய புகையில்லா அடுப்பு.

இதில் மதுரைக்கு ஒரு தொடர்பும் உண்டு. 1940-களில் வார்தாவின் மகன்வாடியில் 'மகன் சூலா' என்ற புகையில்லா மண் அடுப்பு உருவானது. அங்கிருந்த கிராமத் தொழில் சங்கத்தை வழிநடத்தியவர் தஞ்சாவூர்க்காரரான ஜே.சி. குமரப்பா. அவர் கடைசிக் காலத்தில் வந்து தங்கியது மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்.

எங்கே, எப்படி வைப்பது?

முடிந்தால் வீட்டுக்கு வெளியே, மேலே கூரையும் இரண்டு பக்கம் திறப்பும் உள்ள சாய்ப்பில். அடுப்பு வாய் மேற்கே பார்க்க வேண்டாம். ஆடிக் காற்றில் தீ வெளியே நக்கும். வீட்டு ஜன்னலுக்கு நேர்கீழேயும் வேண்டாம், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் சேர்த்துத்தான்.

உள்ளேதான் வைக்க முடியும் என்றால் புகைபோக்கி கட்டாயம். குழாய் 4 அங்குல அகலம் இருக்கட்டும். வளைவு இல்லாமல் நேராக ஏறி, கூரையைத் தாண்டி 3 அடி உயரத்தில் முடியட்டும். அதற்குக் குறைந்தால் காற்று திரும்ப உள்ளே தள்ளும். மேலே மழை மூடி அவசியம். தென்னங்கீற்று, பனையோலைக் கூரை வழியாகக் குழாயைக் கொண்டுபோகவே கூடாது. சுவர் வழியாக வெளியே எடுத்து, ஓலையை விட்டு நன்றாக விலக்கி மேலே ஏற்ற வேண்டும். ஒரு பொறி போதும்.

பானை அடுப்பு வாயில் சரியாகப் பொருந்த வேண்டும். இடைவெளி அதிகம் இருந்தால் புகை குழாய்க்குப் போகாமல் அந்தச் சந்து வழியாகவே வெளியே வரும். பல வீடுகளில் 'அடுப்பு சரியில்லை' என்று இடித்துப்போட்டதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எரியறைக்குள் ஒரு இரும்புச் சட்டம் போட்டு அதன்மேல் விறகை வைத்தால், அடியிலிருந்து காற்று ஏறும்; ஊதுகுழல் வேலை பாதியாகக் குறையும். புது மண் அடுப்பை நிழலில் நன்றாகக் காயவிட்டு, முதல் சில நாள் சுள்ளி மட்டும் போட்டுச் சின்னத் தீயில் பழக்குங்கள். நேராகக் கட்டை வைத்தால் வெடிப்பு விடும்.

விறகுக்கும் ஒரு சாய்ப்பு வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்பே வெட்டிப் பிளந்து, தரையில் படாமல் கல் மேல் அடுக்க வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு துண்டுகளை மோதிப் பாருங்கள்: 'டங்' என்றால் காய்ந்தது, 'டப்' என்றால் ஈரம். பற்றவைக்க கேரி பேக் போடுகிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அதற்குப் பதில் பன்னாடையோ காய்ந்த பாளையோ போதும். பெயிண்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட் துண்டு இரண்டும் அடுப்புக்குள் போகக்கூடாது.

இன்னொரு எச்சரிக்கை, இது ஊரைவிட டூர் போகிறவர்களுக்கு. குளிருக்காக அணையாத கரியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. கரி புகையாதது போலத்தான் இருக்கும். கொடைக்கானலில் பார்பெக்யூ கரியை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள்.

அடுப்பை வைத்தபிறகு?

1983-ல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் 2002 வரை 3 கோடிக்கும் மேல் அடுப்புகள் கொடுக்கப்பட்டன. அவற்றில் நிறைய பயன்படாமல் போயின. காரணத்தை ஒடிசாவில் எஸ்தர் டுஃப்லோ குழுவினர் சுமார் 2,600 வீடுகளில் நடத்திய ஆய்வு காட்டியது. புகைபோக்கி அடுப்பு வைத்த முதல் வருஷம் பெண்கள் சுவாசிக்கும் புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்துவிட்டது. விரிசலைப் பூசவில்லை, குழாயைச் சுத்தம் செய்யவில்லை, மெதுவாகப் பழைய அடுப்புக்கே திரும்பிவிட்டார்கள்.

மாதம் ஒருமுறை குழாய்க்குள் கயிற்றில் கட்டிய துணிச் சுருளை விட்டு இழுக்க வேண்டும். கரி அடைத்தால் புகை வீட்டுக்குள்தான் திரும்பும். காய்ந்து கெட்டியான கரி குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கவும் செய்யும். கூரை மேல் ஏறிச் செய்கிற வேலை இது. அறுபது வயது அம்மாவால் முடியாது. குழாயின் அடிப்பக்கம் ஒரு மூடியோடு திறப்பு வைத்துக் கட்டச் சொன்னால் தரையில் நின்றே பாதிக் கரியை எடுத்துவிடலாம். மிச்சத்தை, ஊருக்கு வருகிற பிள்ளை மேலே ஏறி எடுக்கலாம்.