படித்தோம், பகர்கின்றோம்

நூல் மதிப்புரை என்றாலே பாராட்டுரை என்று பொருள்கொள்ளும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. எழுதியவர் நண்பராய் இருப்பார். அன்றேல் நண்பருக்கு நண்பராய் இருப்பார். இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்க் காலந்தள்ளும் நமக்கு அத்தொல்லை இல்லை. மெட்ரிகுலேஷனுக்குமேல் படித்தோமில்லை; ஆதலின் புலமை காட்டவேண்டிய கட்டாயமும் இல்லை. சுள்ளிக்கல்லிலிருந்து எறணாகுளம் செல்லும் பேருந்திலும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் அண்மையில் படித்த மூன்று நூல்களைப் பற்றி மனத்திற்பட்டதை எழுதுகின்றோம்.

முதலாவது, ப. சிங்காரம் எழுதிய 'புயலிலே ஒரு தோணி'. 1972-இல் வெளிவந்த நாவல். ஆசிரியர் இளமையில் சுமத்திராவின் மேடான் நகருக்குப் பிழைக்கச் சென்று, உலகப்போர் முடிந்தபின் மதுரைக்குத் திரும்பி, நாளிதழ் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மேதைகள் பலர் இதனைத் தலைசிறந்த நாவல் என்கின்றனர். நாம் இருமுறை கீழே வைத்துவிட்டு மூன்றாம் முறையே முடித்தோம். நண்பர்கள் கூடிப் பேசும் பேச்சு ஓயாது நீள்கிறது. போர்ச் செய்திகளோ முன்னறிவில்லாதவரைத் திணறவைக்கின்றன. ஆயினும் கடல்கடந்த ஊரில் வட்டிக்கடைப் பையன்கள் பெட்டியடியில் உட்கார்ந்து மதுரைத் தெருக்களை நினைந்து ஏங்கும் பக்கங்கள் பொன்னானவை. பொறுமையுள்ளோர் படிக்கலாம்.

அடுத்து, ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகள். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே எழுதியவர், 2021-இல் மறைந்தார். சுமைதூக்குவோர், திருடர், பிழைப்பற்றவர் ஆகியோரே இவருடைய மாந்தர். நடுநடுவே மலையாளச் சொற்கள் விரவிக் கிடப்பதைத் தமிழ்நாட்டு அன்பர்கள் குறையாகச் சொல்வதுண்டு. மட்டாஞ்சேரிச் சந்தையில் அரிசி வாங்கும் நமக்கு அது குறையாகவே தோன்றவில்லை. நம் வீட்டில் பேசுவதும் அப்படித்தானே? கதைகளுள் சில முடிவின்றிச் சட்டென அறுந்துபோகின்றன என்பதே நம் குறை. பள்ளியில் மலையாளம் பயிலும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் இனி எதற்கு என்று கேட்கும் பெற்றோர், இவர் பள்ளியில் பயின்றதும் மலையாளமே என்பதை அறியவேண்டும்.

இனி மூன்றாவது நூலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாளத்தில் 1947-இல் வெளியிட்ட 'தோட்டியுடெ மகன்'. சுந்தர ராமசாமி தம் இளமையில் தமிழாக்கிய இந்நூல், 'தோட்டியின் மகன்' என்ற பெயரில் புத்தகமாக வெளிவந்தது 2000-ஆம் ஆண்டிலேதான். ஆலப்புழையில் எடுப்புக் கக்கூசுகளைத் துப்புரவு செய்த மூன்று தலைமுறையினரின் கதை. அவர்கள் யார்? இசக்கிமுத்து, சுடலைமுத்து, வள்ளி. பெயர்களே சொல்லும். பிழைக்க வந்த தமிழர்! மலையாள வக்கீல் ஒருவர் அவர்களைக் கண்டு எழுதியிருக்கிறார். தமிழில் படிக்கும்போது அவர்கள் தம் தாய்மொழிக்கு மீண்டு வந்தாற்போல் இருக்கிறது.

சுடலைமுத்துவுக்கு ஒரே ஆசை. தன் மகன் தோட்டியாகக் கூடாது. அதற்காகப் பிள்ளைக்கு மோகனன் என்று பெரிய இடத்துப் பெயர் சூட்டுகிறான். வயிற்றைக் கட்டிக் காசு சேர்க்கிறான். அக்காசைக் காப்பாற்ற உடன் உழைப்போரின் சங்கத்தையே கைவிடுகிறான். சேர்த்த பணம் நகரசபைத் தலைவரிடம் சிக்குகிறது. இறுதியில் பிள்ளை அதே வாளியைத் தூக்குகிறான். சுடலைமுத்துவின்மேல் நமக்குச் சினம் வந்தது; ஆனால் அவனுடைய கணக்கு நம் ஒவ்வொரு வீட்டிலும் போடப்படுவதுதான் என்பதால் அச்சினம் நிலைக்கவில்லை. பிற்பகுதியில் மோகனனின் கிளர்ச்சியை ஆசிரியர் அவசரமாக முடிக்கிறார். அங்கே மனிதர் மறைந்து கொள்கை பேசுகிறது. இது நம் துணிபு.

பழங்காலத்துக் கதை என்று ஒதுக்கவும் இயலாது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013-இல் இன்னொரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இரயில் பெட்டிகளில் உயிரிக் கழிவறை வருமுன், நிலையங்களில் தண்டவாளம் கழுவியவர்களைக் கண்டவர்க்கு இது விளங்கும்.

இந்நூலை நம் சங்க நூலறைக்கு வாங்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, மூத்த அன்பர் ஒருவர், "குடும்பப் பெண்கள் படிக்கும் இடத்தில் இதுவா?" என்றார். வள்ளியும் குடும்பப் பெண்தான் ஐயா, என்றோம். "நம்மவர் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமா?" என்றார் மேலும். வணிகர் தமிழர்; சமையற்காரர் தமிழர்; கோட்டைக் கொச்சியில் துணி வெளுப்போர் தமிழர். வாளி சுமந்தவர் மட்டும் எவர் என்று கேட்டோம். விடை வரவில்லை, புத்தகமும் வாங்கப்படவில்லை.

ஆகவே நம் சொந்தப் பிரதியையே நூலறையில், இரண்டாம் தட்டில் வைத்திருக்கிறோம். வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம். பதினைந்து நாளில் திருப்பித் தருக, பக்கங்களை மடிக்காதீர்கள்.