குழந்தைப் பாக்கியத்திற்காக மருந்து உண்பது கூடுமா?



வானங்கள், பூமியின் ஆட்சி அல்லாஹ்வுக்கே உரியது. அவன் நாடியோருக்குப் பெண் மக்களையும், நாடியோருக்கு ஆண் மக்களையும், நாடியோருக்கு இரண்டையும் சேர்த்தும் வழங்குகின்றான். நாடியோரைக் குழந்தையற்றோராகவும் ஆக்குகின்றான். இது திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயம் 49, 50ஆம் வசனங்கள் தரும் செய்தியாகும்.

அண்மையில் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். அவருடைய மகளுக்குத் திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன, குழந்தை இல்லை. கருமுட்டை வளர்வதற்கென மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துள்ளார். "அல்லாஹ் தர வேண்டியதை மாத்திரையால் பெற முயல்வது தவக்குலுக்கு மாற்றமில்லையா ஹஜ்ரத்?" என்று கேட்டார். "மருமகனுக்குப் பரிசோதனை ஆயிற்றா?" என்று நான் கேட்டேன். "அதை எப்படி அவரிடம் கேட்பது?" என்று தலை குனிந்தார். இவ்விரு கேள்விகளுக்கும் மார்க்கம் தரும் விடையைக் காண்போம்.

நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தள்ளாத வயதில், மனைவி மலடியாக இருந்த நிலையிலும், சந்ததி வேண்டித் துஆச் செய்தார்கள். அல்லாஹ் அதனை ஏற்று, யஹ்யா (அலை) அவர்களை வழங்கியதையும், அதற்காக அவர்களின் மனைவியைச் சீர்படுத்தியதையும் 21:90 வசனத்தில் குறிப்பிடுகின்றான். கருத்தரிக்க இயலாத நிலையிலிருந்து கருத்தரிக்கும் நிலைக்கு மாற்றியதே அச்சீர்படுத்துதல் என்று விரிவுரையாளர்கள் பலர் விளக்கமளித்துள்ளனர். குழந்தையைத் தருபவன் அல்லாஹ்; உடலின் குறையைச் சீர்படுத்துவது அதற்கான ஸபப், அதாவது காரணம். கிராமவாசிகள் சிலர், மருத்துவம் செய்து கொள்ளலாமா என வினவியபோது, நபி (ஸல்) அவர்கள் அதற்கு அனுமதியளித்து, முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்துள்ளான் என்று அறிவித்தார்கள். இது திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது.

இம்மாத்திரைகள் செய்வதும் இச்சீர்படுத்துதலே. சினைப்பையில் முட்டை முதிர்வதற்கு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஹார்மோனைச் சுரக்க வேண்டும். நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்கள் பலருக்கு இவ்வொழுங்கு குலைந்து, மாதந்தோறும் முட்டை வெளிப்படுவதில்லை. குளோமிஃபீன், லெட்ரோசோல் எனும் மாத்திரைகள் அச்சுரப்பியைத் தூண்டுகின்றன. பொதுவாக, மாதவிடாயின் 2 முதல் 5ஆம் நாளுக்குள் தொடங்கி, 5 நாட்கள் மட்டும் உண்ணப்படுகின்றன. முட்டையும் மனைவியுடையதே; கரு உருவாவதும் தாம்பத்திய உறவால்தான். மூன்றாம் நபருக்கு இதில் இடமில்லை. எனவே இது கூடும் என்பதில் ஐயமில்லை.

லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்கும் தரப்படுவதால் சிலர் அஞ்சுகின்றனர். குழந்தையின்மைக்கு அதனைப் பயன்படுத்த இந்திய அரசு 2011இல் தடை விதித்தது உண்மையே. ஆயினும் 2017இல் அத்தடை நீக்கப்பட்டது. நீர்க்கட்டியுள்ள 750 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு, 2014இல் வெளியான ஆய்வில், லெட்ரோசோல் உண்டோரில் 27.5 விழுக்காட்டினரும், குளோமிஃபீன் உண்டோரில் 19.1 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். சிந்தித்துப் பாருங்கள்! ஒரே மருந்து, சிலருக்குக் குழந்தை கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. மருந்து ஸபப் மட்டுமே, கொடுப்பவன் ரப்பே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எனினும், கூடும் என்பதற்கு நிபந்தனைகள் உண்டு. தனக்கும் பிறருக்கும் தீங்கிழைக்கலாகாது என்பது மார்க்கத்தின் அடிப்படை விதி. ஆகவே, அண்டை வீட்டாருக்குப் பலனளித்தது என்று மருந்துக் கடையில் தாமாக வாங்கி உண்ணக் கூடாது. கர்ப்பம் இல்லை என உறுதி செய்த பின்னரே தொடங்க வேண்டும். குளோமிஃபீனால் நூற்றுக்கு 10க்கும் குறைவானோருக்கு இரட்டைக் குழந்தை தரிக்கலாம்; ஹார்மோன் ஊசியில் இவ்வாய்ப்பு இன்னும் மிகுதி. முட்டைகள் அதிகம் வளர்ந்திருந்தால், அம்மாதம் கூடாதிருக்குமாறு மருத்துவர் சொல்லக்கூடும். அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஊசிக்குப் பின் வயிறு உப்பி மூச்சுத் திணறினால், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பரிசோதனைக்குப் பெண் மருத்துவரையே முதலில் நாட வேண்டும். ரமளானில், நாளொன்றுக்கு ஒருமுறை உண்ணும் மாத்திரையை, மருத்துவரிடம் கேட்டுக் கொண்டு இஃப்தாருக்குப் பின் உண்ணலாம். பகலில் உண்டால் நோன்பு முறிந்துவிடும். உள்வழி ஸ்கேனையும் இரவிலோ நோன்பில்லாத நாளிலோ வைத்துக் கொள்வது பேணுதலாகும்.

இனி, நான் அப்பெரியவரிடம் கேட்ட கேள்விக்கு வருவோம். குழந்தையில்லாத் தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம், கணவரின் குறையும் ஒரு காரணமாக இருக்கின்றது. விந்துப் பரிசோதனையோ எளியது. அதில் வலியில்லை, ஊசியில்லை. அதனைச் செய்து கொள்ளாமல் மனைவியை மாதக்கணக்கில் மாத்திரை உண்ண வைப்பது அநீதி அல்லவா? அவளை 'மலடி' என ஏசுவதும், தாய் வீட்டுக்கு அனுப்புவதும், தலாக் என மிரட்டுவதும் அதனினும் பெரிய அநீதி. ஓராண்டு இணைந்து வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லை எனில், மனைவி 35 வயதைக் கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் செல்லுங்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் நபி (ஸல்) அவர்களின் அன்பு குறைந்ததா? சகோதரியின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் 'உம்மு அப்துல்லாஹ்' என்றழைக்கப்படும் சிறப்பை அவர்களுக்கு வழங்கினார்கள் அண்ணலார். குழந்தையில்லாப் பெண்ணை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கு, மாமியார்களுக்கும் கணவர்களுக்கும் இதுவே முன்மாதிரி.

அப்பெரியவரிடம், "மருமகனை என்னிடம் அனுப்புங்கள், நான் பேசுகிறேன்" என்றேன். அடுத்த வாரம் அவர் வந்தார். பரிசோதனைக்குத் தாமே சம்மதித்து, மனைவியுடன் சென்றார். முடிவு எதுவாயினும், அந்தப் பெண் இனி தனியாக இப்பாரத்தைச் சுமக்க மாட்டாள்.

யா அல்லாஹ்! குழந்தைக்காக ஏங்கும் உள்ளங்களுக்கு ஸாலிஹான சந்ததியைத் தந்தருள்வாயாக! தாமதமாகும் காலமெல்லாம் அவர்களுக்குப் பொறுமையையும், தம்பதியரிடையே அன்பையும் நிலைக்கச் செய்வாயாக! ஆமீன்.